ஒரே தலைக்கு 2,200 கிராஃப்டா, 3,500 கிராஃப்டா? முடி நடவுச் செலவை எதை வைத்து ஒப்பிடுவது?

வேளச்சேரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. முன்நெற்றி இரு பக்கமும் ஏறிவிட்டது. நடுவில் எஞ்சியிருக்கும் முடியும் மெலிந்து வருகிறது. உச்சியில் சிறு வட்டமாகத் தோல் தெரியத் தொடங்கியிருக்கிறது. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் இதே வகை வழுக்கைதான். முடி நடவு செய்துகொள்வதென்று தீர்மானித்து, சென்னையில் சில இடங்களில் ஆலோசனை பெற்றேன். அவற்றுள் இரண்டு மதிப்பீடுகள் என்னைக் குழப்பிவிட்டன.

அண்ணா சாலைப் பக்கம் ஓரிடத்தில் 3,500 கிராஃப்ட் (நடுவதற்காகப் பின்மண்டையிலிருந்து எடுக்கும் சிறு முடிக்கொத்து) தேவைப்படும், ஒரு கிராஃப்டுக்கு 35 ரூபாய் என்றார்கள். அடையாறு பக்கம் பார்த்த மருத்துவரோ 2,200 போதும், ஒரு கிராஃப்டுக்கு 60 ரூபாய் என்றார். இரு இடத்திலும் நிரப்பப் போவது முன்பகுதியை மட்டும்தான். இரண்டுமே துளையிட்டு ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்.யூ.ஈ. முறை. பின்மண்டையில் தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் எஃப்.யூ.டி. முறையென்றால் 45 ரூபாய்க்குச் செய்யலாம் என்று அடையாறு மருத்துவர் சொன்னார். முதல் இடத்தில் சஃபையர் கத்தி, டி.எச்.ஐ. பேனா என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமும் சொன்னார்கள்.

ஒரே தலைக்கு 1,300 கிராஃப்ட் வேறுபாடு எப்படி வரும்? இவற்றுள் எது உண்மையில் மலிவு? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

அண்ணாநகர் மேற்கு எழுதியது:

தம்பி, இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 3,500ஐ 35ஆல் பெருக்கினால் 1,22,500 ரூபாய். 2,200ஐ 60ஆல் பெருக்கினால் 1,32,000 ரூபாய். முதல் இடத்தில் 9,500 ரூபாய் குறைவாகக் கொடுத்து 1,300 கிராஃப்ட் கூடுதலாகப் பெறுகிறீர்கள். முடி அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பதுதானே நோக்கம்? பேசிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் குறைப்பார்கள்.

போரூர் தோல் மருத்துவர் எழுதியது:

வேளச்சேரிவாசி அவர்களுக்கு: முடி நடவு என் தொழிலின் ஒரு பகுதி என்பதால், எந்த மருத்துவமனையையும் இங்கே பரிந்துரைக்கவோ பழிக்கவோ மாட்டேன். ஆனால் அண்ணாநகர் நண்பர் போட்ட கணக்கு, கிராஃப்டை எண்ணுகிறதே தவிர முடியை எண்ணவில்லை.

நம் தலையில் முடிகள் தனித்தனியாகச் சீராக முளைத்திருக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு முடிகள் சேர்ந்து, தமக்கான எண்ணெய்ச் சுரப்பிகளோடும் சிறு தசையோடும் ஒரே கொத்தாக வளர்கின்றன. 1984இல் ஹெடிங்டன் என்பவர் உச்சந்தலைத் தோலைக் குறுக்காக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து விவரித்த இந்த இயற்கைக் கொத்துதான் இன்றைய கிராஃப்ட். சராசரியாக ஒரு கிராஃப்டில் இரண்டு முடிக்குச் சற்று மேல் இருக்கும்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். 2,200 கிராஃப்ட், ஒவ்வொன்றிலும் சராசரியாக 2.1 முடி என்றால் 4,620 முடி வருகிறது. மூன்று முடிக் கொத்தை நுண்ணோக்கியின்கீழ் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து எண்ணிக்கையைப் பெருக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஒரு பேச்சுக்கு, அப்படிப் பிளந்ததால் சராசரி 1.3ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால், 3,500 கிராஃப்டில் இருப்பது 4,550 முடி. முதல் இடத்தில் ஒரு முடிக்கு ஏறத்தாழ 27 ரூபாய், இரண்டாம் இடத்தில் ஏறத்தாழ 29 ரூபாய். 35க்கும் 60க்கும் இருந்த பெரிய இடைவெளி இரண்டு ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. பிளந்த கிராஃப்டுகள் எளிதில் உலர்ந்து, அவற்றில் ஒரு பகுதி முளைக்காமல் போனால், முளைத்த முடி ஒன்றுக்கான விலை முதல் இடத்தில்தான் அதிகமாகவும் இருக்கக்கூடும். உங்களுக்குச் சொன்னவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் கூறவில்லை. கிராஃப்டின் அளவு தெரியாமல் கிராஃப்டின் விலையை ஒப்பிட முடியாது என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. நடவு செய்யப் போகும் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று இரு இடத்திலும் கேளுங்கள். நீங்கள் விவரிக்கும் முன்பகுதி சுமார் 60 சதுர சென்டிமீட்டர் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். 2,200 கிராஃப்டை அதில் பரப்பினால் சதுர சென்டிமீட்டருக்கு 36 அல்லது 37 வரும். வழுக்கை விழாத தலையில் ஏறத்தாழ 70 முதல் 80 கொத்துகள் இருக்கின்றன. அதில் பாதி குறையும்வரை பார்ப்பவர் கண்ணுக்கு வழுக்கை தெரிவதில்லை. ஆகவே 35 முதல் 40 வரை நட்டாலே தலை நிரம்பியதாகத் தோன்றும். அதே 60 சதுர சென்டிமீட்டரில் 3,500 முழுக் கிராஃப்டுகளை நட்டால் அடர்த்தி 58ஐத் தாண்டுகிறது. ஒரே அமர்வில் அவ்வளவு நெருக்கமாகத் துளையிட்டால் தோலுக்கு வரும் இரத்த ஓட்டம் தாங்குமா என்ற கேள்வி எழும். எனவே 3,500 என்ற எண்ணுக்குப் பின்னால், கொத்துகளைப் பிளப்பதோ, உச்சியையும் சேர்த்து நிரப்பும் திட்டமோ, தேவைக்கு மீறி எடுப்பதோ ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். எது என்பதை அவர்கள்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதோடு, மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் பல ஆண்டுகளாக கிராஃப்ட் பிரிக்கும் தொழில்நுட்ப உதவியாளராகப் பணிபுரிகிறேன்.

எடுத்த கிராஃப்டுகளைக் குளிர்ந்த சலைனில் நனைத்த காஸ் துணியின்மேல், கண்ணாடித் தட்டில், பத்துப் பத்தாக வரிசைப்படுத்துவோம். ஒற்றை முடி ஒரு தட்டில், இரட்டை ஒரு தட்டில், மூன்றும் நான்கும் மற்றொன்றில். நல்ல கிராஃப்ட் என்றால் வேர்களைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஈரப் பளபளப்போடு மெல்லிய கொழுப்புப் படலம் முழுதாக ஒட்டியிருக்கும். அடியில் வேர்க்குமிழ் வெண்மையாக உருண்டு தெரியும். பிளந்த கிராஃப்டில் ஒரு பக்கம் மொட்டையாக, நேர்கோடாக, வெட்டிய தடம் தெரியும். அந்தப் பக்கத்தில் படலமே இருக்காது. விளக்கு வெளிச்சத்திலும் ஏ.சி. காற்றிலும் முதலில் காய்ந்துபோவது அவைதாம்.

எல்லாப் பிளப்பும் ஏமாற்று அன்று என்பதையும் சொல்ல வேண்டும். நெற்றிக் கோட்டின் முதல் இரண்டு மூன்று வரிசைக்கு ஒற்றை முடிதான் வேண்டும். அங்கே மூன்று முடிக் கொத்தை நட்டால் பல்துலக்கும் பிரஷ் போலக் குத்திட்டு நிற்கும். இயற்கையான ஒற்றைகள் போதாதபோது சில இரட்டைகளைப் பிரிப்பது நியாயமான வேலை. ஆனால் முன்வரிசைக்குச் சில நூறு ஒற்றைகள் போதும். ஆயிரக்கணக்கில் ஒற்றைகள் இருக்கின்றன என்றால் காரணம் கேளுங்கள். எண்ணி முடித்த தட்டுகளை நோயாளிக்குக் காட்டும் வழக்கம் நான் பணியாற்றிய இடங்களில் உண்டு. நடுவதற்கு முன்பே அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

வெளியே இருக்கும் நேரமும் விலையில் மறைந்திருக்கிறது. உடலைவிட்டுப் பிரிந்த கிராஃப்டுகளில், நேரம் கூடக் கூட மணிக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் முளைக்கும் திறனை இழக்கின்றன என்பது எங்கள் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. இரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் இடத்தில் 3,500 கிராஃப்டை ஒரே நாளில் முடிக்க இரவாகிவிடும். ஆறு பேர் இருந்தால் பிற்பகலுக்குள் முடியும். அந்தக் கூடுதல் நால்வரின் சம்பளம் உங்கள் கட்டணத்தில்தான் வரும்.

குரோம்பேட்டை ரயிலடி எழுதியது:

எஃப்.யூ.டி. பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. நான் அந்த முறையில்தான் செய்துகொண்டேன். முடி நன்றாகவே வளர்ந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நம் ஊரில் ஒருவன் வாழ்நாளில் எத்தனை முறை மொட்டை போட நேரும் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டி நினைவூட்டவில்லை. அப்பா காலமானபோது சடங்குக்காகத் தலை மழித்தேன். ஒரு காதுக்குப் பின்னாலிருந்து மறு காதுவரை பின்மண்டையில் ஓடிய தழும்பைப் பார்த்த உறவினர்கள், துக்க வீட்டிலேயே, தலையில் என்ன அடி பட்டது என்று கேட்டார்கள். அம்மாவுக்கு அது பெரிய வேதனையாகிவிட்டது.

முடி அரை அங்குலம் வளர்ந்தால் தழும்பு மறைந்துவிடுகிறது. திருப்பதி, பழனி, சமயபுரம் என்று வேண்டுதல் உள்ள குடும்பம் என்றால் இதை வீட்டில் கலந்து பேசிவிட்டு முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ராயபுரம் கடலோரம் எழுதியது:

குரோம்பேட்டை அண்ணனின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் எஃப்.யூ.டி.க்காகவும் ஒருவர் பேச வேண்டும். எனக்குச் சுருள் முடி. வேர் தோலுக்கு அடியிலும் வளைந்தே போகிறது. சோதனைக்காக எஃப்.யூ.ஈ. முறையில் சில கிராஃப்டுகளை எடுத்துப் பார்த்த மருத்துவர், துளைக்கருவி நேராக இறங்கும்போது வளைந்த வேர்கள் அடியில் அறுபடுவதைக் காட்டினார். பட்டையாக எடுத்தால் ஒவ்வொரு வேரையும் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துப் பிரிக்கலாம் என்பதால் அந்த முறைக்கு மாறினோம். தலையை முழுதாக மழிக்காமலே செய்தார்கள். தையல் பிரித்தபின் மேல்முடி மறைத்துக்கொண்டது, யாருக்கும் தெரியவில்லை. கட்டணமும் கணிசமாகக் குறைவு. நான் மொட்டை போடுவதில்லை. எனக்கு இதுவே பொருத்தமாக இருந்தது.

எஃப்.யூ.ஈ.யில் தழும்பே இல்லை என்று விளம்பரம் செய்கிறார்களே, அது சரியா, டாக்டர்?

போரூர் தோல் மருத்துவர் எழுதியது:

சரியன்று. கோட்டுக்குப் பதிலாகப் புள்ளிகள் வருகின்றன, அவ்வளவுதான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்தப் புள்ளிகள் வெளுத்து ஆறுவதால், மொட்டை அடித்தால் பின்மண்டையில் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியக்கூடும். அவை தெரியுமா தெரியாதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது துளைக்கருவியின் விட்டம். கிராஃப்டின் அளவு என்று நாம் பேசிக்கொண்டிருப்பதன் மறுபாதி இது. விலைப்பட்டியல் எதிலும் இதைக் காண முடியாது.

1950களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்ட்ரைக் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது 4 மி.மீ. விட்டமுள்ள துண்டுகளாகத் தோலை எடுத்து நட்டார். பின்மண்டை முடியை எங்கே நட்டாலும் அது தன் இயல்பை விடாமல் வளரும் என்று 1959இல் அவர் எழுதிய கட்டுரைதான் இத்துறைக்கே அடிப்படை. ஆனால் ஒரு துண்டில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட முடிகள் சேர்ந்து நின்றதால் தலை பொம்மைத் தலை போல இருந்தது. பின்னர் துண்டு சிறுத்தது. 1980களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் லிம்மர் நுண்ணோக்கி வைத்துப் பட்டையைப் பிரிக்கத் தொடங்கினார். இயற்கைக் கொத்துகளாகவே நட வேண்டும் என்று 1995இல் பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் இருவரும் எழுதினார்கள். கொத்துகளைத் தனித்தனியே துளையிட்டு எடுக்கும் எஃப்.யூ.ஈ. பற்றிய அவர்களின் கட்டுரை 2002இல் வந்தது. துண்டு சிறுக்கச் சிறுக்க, அதே தலைக்கு நூறு துண்டுக்குப் பதிலாக இரண்டாயிரம் துண்டு வேண்டியதாயிற்று. வேலை நேரமும் ஆள்பலமும் பெருகின. இன்றைய செலவின் பெரும்பங்கு கருவிக்கு அன்று, அந்த மனித உழைப்புக்கே.

இப்போது பொதுவாக 0.8 முதல் 1.0 மி.மீ. விட்டமுள்ள கருவிகள் பயன்படுகின்றன. விட்டத்தில் சிறிய வேறுபாடாகத் தெரிவது பரப்பில் பெரிதாகிறது. 0.8 மி.மீ. துளையின் பரப்பு அரைச் சதுர மி.மீ.; 1.2 மி.மீ. துளையின் பரப்பு 1.13 சதுர மி.மீ. 2,000 துளை போட்டால் முதலாவதில் பின்மண்டைத் தோலில் 10 சதுர சென்டிமீட்டர் போகிறது, இரண்டாவதில் 22க்கும் மேல். பெரிய கருவியில் வேகமாக எடுக்கலாம், வேர் அறுபடும் வாய்ப்பும் குறைவு. அதனால் பயிற்சி குறைந்தவர்கள் அதை விரும்புவார்கள். மறுபுறம், கருவியை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் மூன்று முடிக் கொத்துகள் கருவிக்குள் அடங்காமல் அறுபடும். எடுத்த கிராஃப்டும் படலம் உரிந்து, வேர் மட்டும் தனித்து வரும். ஆகவே சிறியதே சிறந்தது என்றும் சொல்ல மாட்டேன். சுருள் முடிக்கும் தடித்த முடிக்கும் சற்றே பெரிய விட்டம் தேவைப்படலாம். ராயபுரம் நண்பருக்கு அவருடைய மருத்துவர் முதலில் சோதித்துப் பார்த்தது மிகச் சரியான செயல்.

சஃபையர், டி.எச்.ஐ. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, நடும் துளையைப் போடும் கத்தியின் பொருள். இரண்டாவது, துளையிடுவதையும் நடுவதையும் ஒருசேரச் செய்யும் பேனா. அதன் மூலவடிவம் 1990களின் தொடக்கத்தில் கொரியாவில் உருவான சோய் கருவி. தேர்ந்த கையில் இரண்டும் நல்ல கருவிகள். தேராத கையில் எவையும் உதவா. அவற்றுக்கான கூடுதல் கட்டணத்தை, தேர்ந்த மருத்துவரின் நேரத்துக்குக் கொடுங்கள் என்பதே என் கருத்து.

யார் செய்கிறார்கள் என்பது முக்கியம் என்பதை இந்த ஊரில் இருந்துகொண்டு நான் சொல்லாமல் விட முடியாது. 2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர், சிகிச்சையின்போது ஏற்பட்ட சிக்கலால் உயிரிழந்தார். மரத்துப்போக ஊசி போடும் எந்தச் சிகிச்சையிலும் மருந்தின் அளவு உடல் எடைக்கேற்பக் கணக்கிடப்பட வேண்டும். அவசரத்துக்கு ஆக்ஸிஜனும் மருந்துகளும் பயிற்சி பெற்ற மருத்துவரும் அதே அறையில் இருக்க வேண்டும். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட நெறிமுறை, உரிய பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர்களும் தோல் மருத்துவர்களும் மட்டுமே இதைச் செய்யலாம் என்கிறது; பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்றும் அது வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட விலையில் மருத்துவர் எத்தனை மணி நேரம் உங்கள் அருகில் இருப்பார் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அண்ணாநகர் மேற்கு எழுதியது:

இவ்வளவு விவரம் இருக்கிறது என்று தெரியவந்ததில் மகிழ்ச்சி. நான் சொன்ன ஒப்பீட்டை முடிக் கணக்கிலேயே பார்ப்பதுதான் சரி. செலவு பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: விபத்து, தீக்காயம், பிறவிக் குறை போன்றவற்றைச் சீராக்கச் செய்வதைத் தவிர, முடி நடவுக்கு மருத்துவச் சேவைக்கான வரிவிலக்கு கிடையாது, 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 1,32,000 ரூபாய் என்று சொன்னால் கையிலிருந்து போவது 1,55,760 ரூபாய். சொன்ன தொகை வரியோடு சேர்த்தா, வரி நீங்கலாகவா என்று எழுதி வாங்குங்கள். ரசீது வேண்டாமென்றால் வரி வேண்டாம் என்று எவரேனும் சொன்னால், பின்னால் ஏதேனும் நேர்ந்தால் காட்டுவதற்கு உங்களிடம் ஒரு தாளும் இருக்காது.

வேளச்சேரிவாசி எழுதியது:

பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே சொன்ன கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு இரு இடத்துக்கும் திரும்பப் போனேன்.

முதல் இடத்தில், ஒற்றை, இரட்டை, மூன்று எனப் பிரித்துச் சொல்ல இயலாது, மொத்த எண்ணிக்கைக்கு மட்டுமே உத்தரவாதம் என்றார்கள். பரப்பை அளந்த குறிப்பும் அவர்களிடம் இல்லை. துளைக்கருவியின் விட்டத்தைக் கேட்டதற்கு, ஆலோசகராக இருந்த பெண்மணி உள்ளே போய்க் கேட்டுவந்து, அன்றைக்குத்தான் முடிவாகும் என்றார்.

அடையாறு மருத்துவர் ஒளிபுகும் தாளை என் நெற்றியில் வைத்துக் கோடு வரைந்து, கட்டத்தாளில் வைத்து எண்ணி, 61 சதுர சென்டிமீட்டர் என்று குறித்தார். பின்மண்டையைக் கருவி வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார். ஒற்றை 500, இரட்டை 1,100, மூன்று முடி 600 என்ற அளவில் எடுக்கத் திட்டம்; கூட்டினால் 4,500 முடி வருகிறது. கருவி 0.9 மி.மீ. என்றும், வேர் அதிகம் அறுபடுவதாகத் தெரிந்தால் நடுவிலேயே மாற்றுவேன் என்றும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் திருத்தணி வேண்டுதல் உண்டு என்பதால் எஃப்.யூ.டி.யை விட்டுவிட்டேன். அவரிடமே செய்துகொள்ளப் போகிறேன்.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. உச்சியிலும் இப்போதே ஒரு 800 கிராஃப்ட் வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றார். ஒரே செலவில் முடிந்துவிடுமே என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன, டாக்டர்?

போரூர் தோல் மருத்துவர் எழுதியது:

அவர் சொன்னதே எனக்கும் சரியாகப் படுகிறது. பின்மண்டையில் வாழ்நாள் முழுவதற்கும் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பெரும்பாலானவர்களுக்கு ஏறத்தாழ 6,000 கிராஃப்ட். அங்கே எடுத்த இடத்தில் மறுபடி முளைப்பதில்லை. உங்கள் வயது 29; தந்தைக்கும் தாய்மாமாவுக்கும் விரிந்த வழுக்கை என்றால் உங்களுக்கும் அது இன்னும் பரவக்கூடும். இப்போது உச்சியின் நடுவில் 800 கிராஃப்டை வைத்துவிட்டு, சுற்றியுள்ள சொந்த முடி பின்னால் உதிர்ந்தால், நடுவில் ஒரு தீவும் அதைச் சுற்றி வெறுந்தோலும் மிஞ்சும். அந்த வளையத்தை நிரப்ப இன்னும் அதிகம் தேவைப்படும். முன்பகுதிக்கு 2,200 போக மீதியைக் கையில் வைத்திருங்கள்.

உச்சிக்கு முதலில் மருந்து. மினாக்ஸிடில் தடவுவதும், 1 மி.கி. ஃபினாஸ்டரைடு மாத்திரையும் அங்கேதான் நன்றாக வேலை செய்கின்றன. மாத்திரையின் பக்க விளைவுகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசிய பிறகே தொடங்குங்கள். நடாத இடங்களிலுள்ள சொந்த முடியைக் காப்பதும் அந்த மருந்துகளே என்பதால், நடவுக்குப் பிறகும் அவற்றை நிறுத்தக் கூடாது.

நட்ட முடிகளின் தண்டுகள் முதல் மாதத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேர் உள்ளேயே இருக்கும், பயப்பட வேண்டாம். மூன்று நான்கு மாதத்தில் மெல்லியதாக முளைக்கத் தொடங்கி, ஓராண்டில் முழு வடிவம் பெறும். அப்போது உச்சியின் நிலையை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வேளச்சேரியிலிருந்து இருசக்கர வாகனத்தில் வேலைக்குப் போகிறவரென்றால், முதல் பத்து நாள்களுக்கு ஹெல்மெட் நட்ட இடத்தை உரசக் கூடாது என்பதால் அந்த நாள்களுக்கு விடுப்போ பேருந்தோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் வாரத்தில் தலையை நனைக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரைத் தவிர்த்து, கேன் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.